இடது பக்கச் சுமை

காலையில் பல் துலக்கித் துப்பினால், கைகழுவும் தொட்டி அந்த எச்சிலைச் சோதித்துக் கண்ணாடியின் ஓரத்தில் ஏழு எண்களை எழுதும். சர்க்கரை, உப்பு, கொழுப்பு, இன்னும் நான்கு. சரியில்லாத எண் சிவப்பாக மினுங்கும். "அப்புறம்" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், அழிந்துவிடும். 2076-இல் பொள்ளாச்சியின் எல்லா வீடுகளிலும் பொழுது இப்படித்தான் விடிந்தது. வாயில் நுரையோடு, எண்களைப் பார்க்காமலேயே, "அப்புறம்" என்று சொல்லிவிட்டு மக்கள் காப்பி குடிக்கப் போனார்கள்.

நிதர்சன் அதைக்கூடச் சொல்வதில்லை. ஈரக் கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசலுக்குப் போவார். அங்கே அவருடைய வண்டி நின்றது.

அது இருவிசை வண்டி. பாதித் தூரம் மின்கலத்தில் ஓடும், மீதித் தூரம் பாசி எண்ணெய் குடிக்கும் சின்ன இயந்திரத்தில் ஓடும். அப்போதே மின்கலமும் நிரம்பிக்கொள்ளும். ஸ்டியரிங் கிடையாது. போக வேண்டிய இடத்தைச் சொன்னால் தானே போய்ச் சேரும். முன்னால் இரண்டு இருக்கைகள், நடுவே ஒரு பலகை. அந்தப் பலகையில் பச்சை நிறத்தில் ஒரு சதவீத எண். வண்டி வாங்கிய நாளிலிருந்து, மின்கலத்தில் எவ்வளவு மிச்சம் என்று அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்வது நிதர்சனின் பழக்கம்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் பறிக்கும் மரமேறி இயந்திரங்களுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். நாற்பது அடி உயரத்தில் ஏறும் இயந்திரத்தின் எந்தக் காலில் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று கீழே நின்று காதால் கேட்டே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதரின் வண்டியிலேயே ஆனி மாதத்தில் ஒரு நாள் சத்தம் வந்தது.

டக். ஒரு சின்ன இடைவெளி. டக்டக். பிறகு நீண்ட இடைவெளி. மறுபடியும் டக்.

அன்று அவரும் மனைவி தன்யஸ்ரீயும் ஆழியாறு பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளாகத் தொண்ணூற்றைந்திலேயே நின்ற எண் எண்பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது.

"ஏ தன்யா, சத்தம் கேக்குதா?"

"கேக்குதுங்க. எனக்கும் நெஞ்சுக்குள்ள என்னமோ படபடன்னுதான் இருக்குது."

"உன்னைக் கேக்கல. வண்டியக் கேட்டேன்."

தன்யஸ்ரீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளும் அவர் வயதுக்காரிதான். பேசுவதில் குறைவில்லாதவள். ஆனால் இரண்டு மாதமாக, ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் முடித்தாள்.

அன்றே நிதர்சன் ஒரு நோட்டு வாங்கினார். காகித நோட்டு அப்போதெல்லாம் அபூர்வம். பூஜைச் சாமான் விற்கும் கடையில்தான் கிடைத்தது. தேதி, நேரம், இடம், சாலையின் ஏற்ற இறக்கம், வெயில், பலகையில் தெரிந்த எண், சத்தத்தின் வகை. எல்லாவற்றையும் கோடு போட்டு எழுதினார். வாரம் இரண்டு கழிந்ததும் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. தனியாகப் போகும்போது சத்தம் இல்லை, எண்ணும் தொண்ணூற்றைந்துக்குக் குறைவதில்லை. தன்யஸ்ரீ ஏறினால் எண் இறங்குகிறது, சத்தம் வருகிறது. நோட்டில் அதற்கென்று ஒரு தனிப் பத்தியே திறந்தார். தலைப்பு: 'இடது பக்கச் சுமை'. அவள் இருந்தால் 'உண்டு', இல்லாவிட்டால் 'இல்லை'.

இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டினார். முதல் ஆள் ஏறி உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நார்மல்தானுங்க" என்றார். இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். நிதர்சனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வந்தது. "முந்தி வராத சத்தம் இப்ப வருது. அதெப்படிங்க நார்மல் ஆகும்?" என்று சண்டை பிடித்துவிட்டு வந்தார். வண்டியும் தன் பங்குக்கு, சத்தம் வரும்போதெல்லாம், 'சிறப்புப் பராமரிப்பு நிலையத்துக்குச் செல்லலாமா?' என்று பலகையில் எழுதிக் கேட்டது. கம்பெனிக்காரன் நிலையத்துக்குப் போனால் நன்றாக இருப்பதையும் கழற்றிவிடுவான் என்பது அவருடைய கட்சி. "அப்புறம்" என்று சொல்லிவிடுவார்.

வேறு பலருக்கும் இதே தொல்லை இருந்தது. மாநிலம் முழுக்க அந்த வண்டியை வைத்திருந்தவர்கள் ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். சங்கத்தின் பக்கத்தில் நிதர்சன் தன் நோட்டைப் படம் பிடித்துப் போட்டதும், செயலாளர் அன்று மாலையே அழைத்தார்.

"சார், இத்தனை பேரு புலம்பறாங்க. ஆனா ஒருத்தராவது இப்படி எழுதி வெச்சிருக்காங்களா? நாம நுகர்வோர் மன்றத்துக்குப் போறோம். முதல் கையெழுத்து நீங்கதான் போடணும்."

நிதர்சன் பெருமையோடு போட்டார்.

ஆவணி பிறந்தது. தன்யஸ்ரீயின் தங்கை மகளுக்கு உடுமலையில் கல்யாணம். பட்டுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, அவள் வாசலுக்கு வந்தபோது நிதர்சன் வண்டிக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"நீ பஸ்ல வந்துரு தன்யா."

"ஏனுங்க?"

"நீ ஏறுனா பேட்டரி இறங்குது. இடது பக்கம் ஏதோ பழுது இருக்குது. கேஸ் முடியற வரைக்கும் வண்டியச் சிரமப்படுத்தக் கூடாதுன்னு சங்கத்துல சொல்லியிருக்காங்க."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தெருமுனை நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். பாதி வழியில் ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி நடந்தாள். மறுபடி நின்றாள். வண்டி அவளைத் தாண்டிப் போகும்போது நிதர்சன் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றைந்து. சத்தமே இல்லை. அவருக்கு மனம் லேசானது.

கல்யாண வீட்டுக்கு அவள் வரவில்லை. அவர் திரும்பி வந்து கேட்டபோது, "முடியலீங்க, மேல்மூச்சு வாங்குச்சு, திரும்பிட்டேன்" என்றாள். கட்டிய பட்டுப் புடவையை இன்னும் அவிழ்க்கவில்லை.

"இந்த வயசுக்கு அதெல்லாம் நார்மல்" என்றார் நிதர்சன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் வண்டியில் ஏறவேயில்லை. அவரும் கூப்பிடவில்லை. சத்தம் நின்றுபோனது. ஆனாலும் இடது பக்கத்தில் பழுது என்ன என்பது தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அம்பராம்பாளையத்தில் ஷமீமா என்று ஒரு பெண் பட்டறை வைத்திருப்பதாகவும், அவள் கண்டுபிடிக்காத கோளாறே இல்லை என்றும் யாரோ சொன்னார்கள். ஒரு புதன்கிழமை மதியம் அங்கே போய் நின்றார்.

ஷமீமா நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவள். நோட்டை முழுக்கப் படித்தாள். பிறகு வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய், மின்கலத்திலேயே நேரடியாகத் தன் மீட்டரைப் பொருத்தினாள்.

"அண்ணா, உள்ள உக்காந்து பலகையில எவ்வளவுன்னு சொல்லுங்க."

"தொண்ணூத்தஞ்சு."

"இங்க எழுபத்தொண்ணு காட்டுது."

"அப்ப பேட்டரி போச்சுங்களா?"

"பேட்டரி நல்லாத்தான் இருக்குதுங்ணா. எழுபத்தொண்ணு இருக்கறத இது ஏன் தொண்ணூத்தஞ்சுன்னு காட்டுது?" அவள் வெளியே வந்து கையைத் துடைத்தாள். "கொஞ்சம் கீழ இறங்குங்க."

நிதர்சன் இறங்கினார். பலகையில் எண் மறைந்தது. வெறும் கோடு மட்டும் நின்றது.

இருவரும் திறந்திருந்த கதவு வழியாக அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. விளக்குகள் எரிந்தன. எண் மட்டும் இல்லை. ஆறு வருடமாக அந்த வண்டியை வைத்திருக்கிறார். ஆளில்லாத வண்டியின் பலகையை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஷமீமா ஏறி உட்கார்ந்தாள். தொண்ணூற்றெட்டு. இறங்கினாள். கோடு. நிதர்சனை உட்காரச் சொன்னாள். தொண்ணூற்றைந்து.

"இது பேட்டரி இல்லீங்ணா" என்றாள் மெதுவாக.

பலகையின் மூலையைப் பெரிதாக்கிக் காட்டினாள். எண்ணுக்கு மேலே முன்பு 'மின்கலம்' என்று இருந்த இடத்தில் இப்போது 'நிலை' என்று மட்டும் இருந்தது. அந்த மாற்றம் வந்தபோது அறுபது பக்க உடன்படிக்கை ஒன்றும் வந்திருந்தது. கடைசிப் பக்கத்துக்குப் போய் 'சம்மதம்' கொடுத்தது நிதர்சன்தான். ஷமீமா தன் கருவியை வண்டியின் நினைவகத்தில் மாட்டி, அங்கே எழுதியிருந்ததை ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

வண்டிக்குள் யாராவது உயிரிழந்தால் தயாரித்த நிறுவனமே பொறுப்பு என்று ஒரு சட்டம் வந்திருந்தது. அதனால் இருக்கைகளின் உணரிகள் உட்கார்ந்தவரின் நாடியையும் இரத்தத்தில் உள்ள பிராணவாயுவையும் அளந்தன. சித்திரையிலிருந்து வண்டி முப்பத்தொரு முறை குரலில் சொல்லியிருந்தது: 'இடது இருக்கையில் இருப்பவர் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.' இடது இருக்கையில் ஆள் உட்கார்ந்த சில நொடிகளில், முதல் சொல் வந்தவுடனேயே, முப்பத்தொரு முறையும் "அப்புறம்" என்று பதில் பதிவாகியிருந்தது. முப்பத்திரண்டாவது முறை, செய்தி கேட்பதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று உரிமையாளர் குரலையே நிறுத்திவிட்டார். அதற்கு அடுத்த வரியை ஷமீமா இரண்டு முறை வாசித்தாள்.

'குரல் அறிவிப்பு ஏற்கப்படவில்லை. மாற்று வழி தொடங்கப்பட்டது. உரிமையாளர்கள் தம் உடல் பற்றிய எச்சரிக்கையில் நூற்றுக்கு நான்கையும், வண்டி பற்றிய எச்சரிக்கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டையும் கவனிக்கிறார்கள். எனவே பயணிகளில் பிராணவாயு குறைந்தவரின் நிலை, வண்டியின் நிலையாகக் காட்டப்படும். பிசகும் இதயத் துடிப்பு, வண்டியின் சத்தமாக ஒலிக்கும்.'

பட்டறைக்கு வெளியே ஒரு தேங்காய் லாரி போனது.

"இடது பக்கம் யாருங்ணா உக்காருவாங்க?"

"வீட்ல... சம்சாரம்."

"அவங்க இப்ப எங்க?"

"வீட்லதான். நான்தான் ஏற வேண்டாம்னுட்டேன். அவ ஏறுனாத்தான் சத்தம் வருதுன்னு..."

ஷமீமா நோட்டைப் புரட்டி ஒரு வரியில் விரல் வைத்தாள். "எண்பத்தாறுன்னு எழுதியிருக்கீங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி. கெளம்புங்ணா. நிக்காதீங்க."

வழியெல்லாம் வீட்டுக்கு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பலகையில் பச்சையாக நின்ற தொண்ணூற்றைந்து அவரை அருவருக்கச் செய்தது. அது தன்னுடைய எண் என்று இப்போது தெரிந்தது.

தன்யஸ்ரீ மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துவைத்த துணி வாளி. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கைபேசி உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் எடுக்க அவளுக்கு முடியவில்லை.

"ஒண்ணுமில்லீங்க... செத்த உக்காந்தேன்... துணி காயப்போட..."

"வா. வண்டில ஏறு."

"வேண்டாமுங்க. சத்தம் வரும்."

நிதர்சன் அவளைத் தூக்கினார். முப்பது வருடத்தில் அவளைத் தூக்கியதில்லை. இடது இருக்கையில் உட்கார வைத்ததும் எண் எழுபத்தொன்பது ஆனது. சத்தம் தொடங்கியது. டக். டக்டக்டக். நின்றது. நீண்ட நேரம் நின்றது. அந்த இடைவெளியில் நிதர்சனும் மூச்சு விடவில்லை. டக்.

'சிறப்புப் பராமரிப்பு நிலையத்துக்குச் செல்லலாமா?' என்று பலகை கேட்டது.

"போ" என்று கத்தினார். வண்டி பொள்ளாச்சியில் எந்தப் பட்டறைக்கும் போகவில்லை. கோவைச் சாலையில் ஏறி, மற்ற வண்டிகளையெல்லாம் ஒதுங்கச் செய்துகொண்டு, இதய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவு வாசலில் போய் நின்றது. அங்கே படுக்கையோடு இரண்டு பேர் தயாராகக் காத்திருந்தார்கள்.

இதயத்தின் ஒரு வால்வு ஏறக்குறைய மூடிப் போயிருந்தது. அன்று மாலையே புது வால்வு வைத்தார்கள். முன்னதாக டாக்டர் இன்பநிலா நிதர்சனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"எப்ப இருந்து மூச்சு வாங்குது?"

"தெரியலீங்க."

"நடந்தா வாங்குமா, உக்காந்திருந்தாலும் வாங்குமா?"

"கவனிக்கலீங்க டாக்டர்."

"துடிப்பு விட்டு விட்டு வருதுன்னு எப்பவாவது சொன்னாங்களா?"

நிதர்சன் அக்குளில் இடுக்கியிருந்த நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டர் புரட்டினார். தேதி, மணி, ஏற்றம், இறக்கம், எண், சத்தம். நாற்பது பக்கம். எந்தத் துடிப்புக்குப் பிறகு எத்தனை நொடி இடைவெளி என்பதுகூட இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபது வருஷமா நோயாளிங்களப் பாக்கறேன். வீட்டு ஆளுக ஒருத்தர்கூட இவ்வளவு துல்லியமா எழுதிக் கொண்டு வந்ததில்ல. உங்க மனைவி கொடுத்து வெச்சவங்க."



பத்தாம் நாள் தன்யஸ்ரீ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அந்த நோட்டை வாங்கிப் படித்தாள். இப்போது அவளுக்கு வாக்கியத்தின் நடுவில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

"நாப்பது பக்கம் எழுதியிருக்கீங்க. ஒரு எடத்துலகூட என்ற பேரு இல்லையேங்க."

அவர் அவளுடைய மாத்திரையை எடுத்து நீட்டினார்.

"இடது பக்கச் சுமை உண்டு, இடது பக்கச் சுமை இல்லை. அது நானுங்களா?"

"தன்யா..."

"இல்ல, சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்." நோட்டை மூடித் தலையணைக்கு அடியில் வைத்தாள். அவரிடம் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

புரட்டாசி முடிவதற்குள் அவள் நடக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் சங்கத்துச் செயலாளர் குதூகலமாக அழைத்தார். அப்போதுதான் நிதர்சனுக்குத் தான் போட்ட கையெழுத்தே நினைவுக்கு வந்தது.

"ஜெயிச்சுட்டோம் சார்! இயந்திரக் காரணம் எதுவும் இல்லாம வண்டி சத்தம் போடக் கூடாது, பேட்டரியத் தவிர வேற எண்ணைக் காட்டக் கூடாதுன்னு தீர்ப்பு. நாளைக்குள்ள எல்லா வண்டியிலயும் மாத்தணும்னு கெடு விதிச்சுட்டாங்க. உங்க நோட்டு இல்லேன்னா கேஸே நின்னிருக்காது!"

"ஐயோ, அத நிறுத்துங்க! அந்தச் சத்தம் வண்டியோடது இல்லீங்க. எங்க வீட்ல செத்துப் பொழச்சிருக்காங்க. நான் அந்தப் புகார வாபஸ் வாங்கிக்கறேன்."

"தீர்ப்பு வந்ததுக்கப்புறம் வாபஸ் எப்படி சார்? அதுவுமில்லாம, கம்பெனிக்காரனும் இதே கதையத்தான் மன்றத்துல சொன்னான். உயிரக் காப்பாத்தத்தான் சத்தமாம்! மன்றத்துல எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

நிதர்சன் மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நிறுவனத்துக்கு எழுதினார். சங்கத்தின் பக்கத்தில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினார். 'கம்பெனியிடம் விலை போய்விட்டார்' என்று முந்நூறு பேர் பதில் போட்டார்கள். மறுநாள் காலை மாநிலத்தின் இரண்டு லட்சம் வண்டிகளிலும் சத்தம் ஒரே நேரத்தில் நின்றது. சங்கத்தார் இனிப்புக் கொடுத்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் தன்யஸ்ரீயைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். வெயில் ஏறிய முற்பகல். கோவை நுழையும் இடத்தில் சிவப்பு விளக்கு. நாலாப் பக்கமும் இருவிசை வண்டிகள். ஒன்றிலிருந்தும் ஒரு முனகல்கூட இல்லை.

தன்யஸ்ரீதான் முதலில் பார்த்தாள். அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "அங்க பாருங்க."

பக்கத்து வண்டியில் ஒரு பெரியவர். நெற்றியெல்லாம் வியர்வை. உள்ளங்கையால் இடது மார்பை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நிதர்சன் ஜன்னலை இறக்கி, எட்டி அவர் வண்டியின் கண்ணாடியைத் தட்டினார். "ஐயா! ஐயா, என்ன பண்ணுது?"

பெரியவர் கண்ணாடியை இறக்கினார். அவர் முகம் மலர்ந்தது. மார்பிலிருந்து கையை எடுத்துப் பலகையைக் காட்டினார்.

"ஒண்ணுமே பண்ணலீங்க இப்ப! ரெண்டு மாசமா டக்கு டக்குன்னு உயிர வாங்குச்சு. முந்தாநேத்து சரி பண்ணிட்டானுக. பேட்டரி பாருங்க, தொண்ணூத்தேழு!"

பச்சை விளக்கு விழுந்தது. வண்டி அவரைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனது.